பானட்டில் மூன்று பட்டை

செமினி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்புசாமி மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகன் பிரவின் எழுதுவது. நான் நலம், அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மலரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் போன் எடுப்பதில்லை. கடிதம் போட்டால் பதில் எழுதாமல் இருக்க மாட்டீர்கள் என்று அம்மா சொன்னார். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதவி வேண்டும். நண்பர் ஒருவருடைய புதுக் கார் என் பொறுப்பில் இருக்கிறது. கறுப்பு நிறம். மூத்த மகளின் பிரசவத்துக்காக அவர் மெல்பர்ன் போயிருக்கிறார். ஜூன் கடைசியில்தான் வருவார். கோயிலில் பூசை போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். போட்டேன். ஐயர் விபூதியைக் குழைத்து, எஞ்சினை மூடும் பானட்டில் பெரிதாக மூன்று பட்டை அடித்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெயிலில் எல்லாம் காய்ந்து இறுகிவிட்டது. வீட்டுக்கு வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்த்தேன். விபூதி போய்விட்டது, பட்டை போகவில்லை. இப்போது வெயிலில் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல், நடுவில் மூன்று பட்டை.

கடையில் கொடுக்கவும் பயம். இந்தக் காலத்துப் பாலிஷ் கடைக்காரர்கள் 'முன்னே, பின்னே' என்று படம் பிடித்து நம்பர் பிளேட்டோடு பேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். அவர் கண்ணில் பட்டால் முடிந்தேன். அதனால் நானே செய்யப் பார்க்கிறேன். முப்பத்திரண்டு வருடம் காருக்குச் சாயம் அடிக்கும் கடை வைத்திருந்தவர் நீங்கள். புதிதாகத் தொடங்குகிறவன் எந்த மெஷின், எந்த ஸ்பாஞ்சு, எந்த மருந்து வாங்க வேண்டும்? இந்தக் கார் பழையபடி ஆகாவிட்டால் என் வாழ்க்கையே கெட்டுவிடும் மாமா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பணிவுடன்,
பிரவின்


கிள்ளான்
24 பிப்ரவரி 2025

வீரம்மா அக்காள் பெற்றெடுத்த மாணிக்கம், செமினிச் சீமையின் சிங்கம், மருமகன் பிரவினுக்கு, கிள்ளான் வட்டாரத்து வர்ணச் சக்கரவர்த்தி தம்புசாமி ஆசி கூறி வரைவது.

இங்கே யாவரும் சுகம். நான் எழுந்து நின்றால் முழங்கால் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனர் பட்டாசு என்று நினைத்து வெளியே வந்து பார்க்கிறார். அத்தைக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. பேச்சில் அதற்கு முன்பே குறைந்துவிட்டது. மலர் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போகிறாள், வருகிறாள். நீ கேட்டதாகச் சொன்னேன். எழுந்து டிபன் பெட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

போன் எடுப்பதில்லை என்று குறைப்பட்டாய். ஜனவரியில் ஒரு காலை கண் விழித்துப் பார்க்கிறேன், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கியிருக்கிறார்கள். ஏதோ விசேஷப் படங்கள் போட வேண்டியிருந்ததாம். அன்றைக்கே போனை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். இனி காகிதம்தான். அதிலும் கார்பன் வைத்து எழுதுகிறேன். தேசிய ஆவணக் காப்பகத்தார் நாளைக்கு வந்து கேட்டால் கொடுக்க வேண்டாமா? 'மாமா தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்' என்று எந்த நாக்கும் புரளக் கூடாது பார்.

உன் நண்பர், பெயரில்லாத அந்த மகானின் காருக்கு வருவோம். நகத்தால் கீறலைத் தடவு. நகம் மாட்டினால் அது ஆழம், தொடாதே. வழுக்கினால் மேல் பூச்சில்தான் இருக்கிறது, போய்விடும். உன்னைப் போன்றவன் வாங்க வேண்டியது 'டூவல் ஆக்‌ஷன்' மெஷின். சுற்றிக்கொண்டே ஆடும், சூடு ஏறாது, குழந்தை கையில் கொடுத்தாலும் காரைக் கெடுக்காது. நடுத்தர ஸ்பாஞ்சு இரண்டு, மெல்லிய ஸ்பாஞ்சு இரண்டு, மெல்லிய பாலிஷ் மருந்து ஒரு போத்தல், மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன், ஓரங்களை மறைக்க டேப். காரை நன்றாகக் கழுவி, நிழலில் நிறுத்தி, ஒரு சாண் இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு. ஒரு மாதம் ஞாயிறு தோறும் உட்கார்ந்தால் போதும்.

ரோட்டரி மெஷின் என்று ஒன்று இருக்கிறது. வேகமானது. அரை நாளில் வேலையை முடித்துவிடும். ஆனால் அது ஆண்பிள்ளை மெஷின். நான் அதைப் பிடித்தால் ரோட்டில் போகிற, சுல்தானிடம் பட்டம் வாங்கிய டத்தோக்கள் காரை நிறுத்தி, நான் பாலிஷ் போட்ட கதவில் மீசையைச் சரி செய்துகொண்டு போவார்கள். நீ கம்ப்யூட்டர் தட்டுகிற கைக்காரன். பஞ்சு மாதிரி கை. அதைத் தொடாதே. வேண்டாம்.

ஆசிகளுடன்,
வர்ணச் சக்கரவர்த்தி


செமினி
9 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். கடிதம் கிடைத்தது, நன்றி.

பெட்டாலிங் ஜெயா ஆபீசில் என்னோடு வேலை செய்யும் லோகனிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். "டேய், எந்தக் கடையிலயாவது இந்த ஆடுற மெஷினப் பாத்திருக்கியா? எல்லாம் ரோட்டரிதான்லா. உங்க மாமா வேணும்னே உன்ன இழுத்தடிக்கிறாரு" என்றான். நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறீர்களா? மலர் விஷயத்தில் என்மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது எனக்குத் தெரியும்.

உங்கள் பழைய ரோட்டரி இன்னும் ஸ்டோரில் இருக்கிறது என்று அம்மா சொன்னார். அது நல்ல நிலையில் இருக்கிறதா?

பிரவின்


கிள்ளான்
14 மார்ச் 2025

சந்தேகச் சக்கரவர்த்தி பிரவினுக்கு, மாமன் எழுதுவது. சுகம்.

கோபமா? எனக்கா? என் மகள் பிறந்த அன்று உன் அம்மா தொட்டிலுக்கு மேலே குனிந்து, "இவ என் மருமகடா" என்றாள். இருபத்தைந்து வருடம் அந்த வார்த்தையில் இந்த வீடு நின்றது. போன தீபாவளிக்கு நீ வந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே, "எனக்கு மலர் வேண்டாம் மாமா" என்றாய். காரணம் கேட்டேன். முறுக்கைத்தான் மென்றாய். அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆளா நான்? அன்று ராத்திரி மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். நான்காவது தட்டை மட்டும் சுவரில் அடித்தேன்.

அந்த லோகன் மகா மேதை. அவனை வைத்துக்கொண்டே செய்.

என் ரோட்டரி நல்ல நிலையில்தான் இருக்கிறது. முடுக்கினால் கிள்ளான் ஆற்றில் மீன்கள் திசை மாறும். மறுபடியும் எழுதுகிறேன், கார்பன் வைத்து: அது உனக்கு வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றால் சாயத்தை எரித்துவிடும். மடிப்பு, ஓரம், விளிம்பு இருந்தால் ஒரு நொடியே போதும். உனக்குப் பூனைக்குட்டி மெஷின்தான் ஒத்துவரும். என்னிடம் ரோட்டரியைக் கேட்டு வாங்கவும் ஒரு தைரியம் வேண்டும். உன்னிடம் அது இல்லை என்பதை முறுக்கு தின்ற அன்றைக்கே பார்த்துவிட்டேன்.

தம்புசாமி


செமினி
19 மார்ச் 2025

மாமாவுக்கு,

நலம். மெஷினைக் கொடுத்து அனுப்புங்கள். நோன்புப் பெருநாள் ராயா விடுமுறையில் வேலையை முடித்துவிடுகிறேன்.

ஒரு மாதம் ஞாயிறு தோறும் உட்கார எனக்குப் பொறுமையில்லை. கார்க்காரர் வாரம் ஒரு தரம் மெல்பர்னிலிருந்து கூப்பிட்டு வீடியோவில் காரைக் காட்டச் சொல்கிறார். நானும் பின்பக்கத்தையே காட்டிச் சமாளிக்கிறேன். அந்தக் கிழவர் எப்படிப்பட்டவர் தெரியுமா? தும்மினால்கூட மூன்று நகல் எடுத்து ஃபைல் பண்ணுகிற ஆள். பெற்ற பிள்ளைகளை இப்படித் துடைத்து வளர்த்திருக்க மாட்டார்.

என் கை எப்படிப்பட்ட கை என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பிரவின்


கிள்ளான்
25 மார்ச் 2025

வீராதி வீரன் பிரவினுக்கு,

சுகம், சுகம், பரம சுகம்.

செமினிக்குப் போகும் ரெங்கசாமியின் லோரியில் மெஷினை ஏற்றிவிட்டேன். கூடவே கம்பளி வட்டு ஒன்றும், கரடுமுரடான மருந்து ஒரு டின்னும் இருக்கும். பெட்டியில் கிடந்ததை அப்படியே அனுப்பினேன். அவற்றைப் பயன்படுத்தச் சொல்லவில்லை. உண்மையில், பயன்படுத்தாதே என்று சொல்கிறேன். கம்பளியும் கரட்டு மருந்தும் சேர்ந்தால் பானட்டைச் சீவிவிடும். வெயிலில் செய்யாதே. பானட்டில் மடிப்பு இருக்குமே, அந்தப் பக்கமே போகாதே. இத்தனைக்கும் பிறகு நீ செய்தால் அது உன் வீரம்.

முடிந்ததும் ஒரு வரி எழுது. உன் வெற்றியைக் கேட்க இந்த மாமன் காதைக் கழற்றித் தபால் பெட்டிக்குள் வைத்திருப்பான்.

மெஷின் தானம் செய்த வள்ளல்,
தம்புசாமி


செமினி
12 மே 2025

மாமா,

உடனே எழுத முடியவில்லை.

ராயாவுக்கு மறுநாள் செய்தேன். முதலில் நன்றாகத்தான் வந்தது. பட்டைகள் மறைந்தன. லோகன் பக்கத்தில் நின்று, "அமுக்குடா, இன்னும் அமுக்கு" என்றான். கார் நிறுத்தும் போர்ச்சுக்குள் மதிய வெயில் வந்துவிட்டது. நடு மடிப்பில் ஏதோ வாடை அடித்தது. மெஷினைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு போய், கீழே சாம்பல் நிறம் தெரிந்தது. லோகன், வீட்டில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

ஆறு வாரமாகக் காரைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வீடியோவில் கேட்டால் மழை என்கிறேன். இனி என்ன செய்யலாம்? தயவு செய்து விளையாடாமல் சொல்லுங்கள்.

பிரவின்


கிள்ளான்
17 மே 2025

அன்பு மருமகனுக்கு,

சுகம். உன் கடிதத்தை அத்தைக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மூன்றாவது தரம் எனக்கே படித்துக்கொண்டேன். முழங்கால் வலி போய்விட்டது. வைத்தியர்கள் இந்த மருந்தைப் புட்டியில் அடைத்தால் மருத்துவமனைகளை எல்லாம் மூடிவிடலாம்.

விளையாடாமல் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன். சாம்பல் நிறம் தெரிந்துவிட்டால் எந்த மெஷினாலும் ஆகாது. பானட் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். பக்கத்துத் தகடுகளோடு நிறம் சேர வேண்டும். நல்ல கடைக்காரன் அடித்தாலும், தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் காரின் சொந்தக்காரரிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடு. பிரிக்பீல்ட்ஸ் பாலசுந்தரம் ஐயா அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நேர்மையான மனிதர். உன் வருங்கால மாமனார் அல்லவா? மன்னிப்பார்.

பெயரை நீ எழுதவில்லையே என்று யோசிக்காதே. நீ பூசை போட்ட அன்று லோரிக்கார ரெங்கசாமி அந்தக் கோயில் வாசலில்தான் நின்றான். கார் உன் வருங்கால மாமனாருடையது என்று நீ ஐயரிடம் பெயரோடு சொன்னது அவன் காதில் விழுந்தது. உன் முதல் கடிதம் எனக்கு வருவதற்கு முந்தின வாரமே எனக்குத் தெரியும்.

பெண்ணைப் பெற்ற
தம்புசாமி


செமினி
2 ஜூன் 2025

மாமா,

தெரிந்துகொண்டே செய்தீர்கள். உசுப்பேற்றி, கேலி பேசி, மெஷினை வீடு தேடி அனுப்பி வைத்தீர்கள். நீங்கள் மனுஷனா?

மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், கிழிக்காமல் அனுப்புகிறேன். எனக்கு வேறு வழியில்லை. பாலசுந்தரம் அங்கிளிடம் ஒரு சின்னக் கோடு விழுந்துவிட்டது, மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். 29ஆம் தேதி வருகிறார். அவர் மகள், எனக்கு நிச்சயமான சிந்துஜாவும் பினாங்கிலிருந்து வருகிறாள். அவள் அப்பா ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் அவள் போக மாட்டாள். நீங்கள் ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் வாருங்கள். 'பழைய மெஷின், அதில் கோளாறு, பிரவின் என் பேச்சைக் கேட்டுத்தான் செய்தான்' என்று சொல்லுங்கள். உங்களை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. ஆகஸ்டில் கல்யாணம். காலில் விழுந்து கேட்கிறேன்.

பிரவின்


கிள்ளான்
8 ஜூன் 2025

மருமகனே,

வருகிறேன். வெள்ளைச் சட்டை துவைக்கப் போட்டிருக்கிறேன். உனக்காகப் பேசுவேன். நடந்ததை அப்படியே சொல்வேன்.

தம்புசாமி


செமினி
20 ஜூலை 2025

தம்புசாமி மாமாவுக்கு,

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நடந்தபோது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். உங்களுக்குத்தான் காகிதம் பிடிக்குமே.

வெள்ளைச் சட்டையில் வந்தீர்கள். சிந்துஜாவின் அம்மா நேசம்மா ஆன்ட்டி கொடுத்த தேநீரைக் குடித்தீர்கள். பிறகு கையிலிருந்த ஃபைலைத் திறந்து, "ஐயா, எனக்குப் பேசத் தெரியாது. எல்லாம் இதுல இருக்கு" என்று நீட்டினீர்கள். என் கடிதங்கள், உங்கள் கார்பன் நகல்கள், தேதி வாரியாக.

பாலசுந்தரம் அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். இருபது நிமிடம். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, கார் போனால் போகட்டும், இன்சூரன்ஸ் இருக்கு. இஞ்சை 'நண்பர்' எண்டு எழுதியிருக்கிறீர். நான் உமக்கு நண்பரோ?" என்றார். அடுத்து, மூன்று நகல் எடுத்துத் தும்முகிற கிழவரைப் பற்றிய வரியைச் சிந்துஜாவின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். கடைசியாக, கோளாறு என்று பொய் சொல்லுங்கள் என நான் உங்களைக் கெஞ்சிய கடிதம். அதை அவள் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. நீங்கள் எனக்காக அல்லவா பேச வந்தீர்கள்? ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டீர்கள்.

பொய் என்னுடையது, வார்த்தையும் என்னுடையது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதாத ஒன்று இருக்கிறது.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் மலர் என் ஆபீசுக்கு வந்தாள். கேன்டீனில் உட்கார்ந்து அழுதாள். அவள் தொழிற்சாலையில் வேலை செய்யும் தனேஷைத்தான் கட்டிக்கொள்வாளாம். "அப்பாகிட்ட நான் சொன்னா தனேஷ சும்மா விட மாட்டாரு மச்சான். நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க. உங்களத் திட்டுவாரு, அவ்வளவுதான்" என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் முறுக்கை மென்றேன். சிந்துஜாவை எனக்குப் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு.

இன்றைக்கும் உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. நம்பாவிட்டால் அவளையே கேளுங்கள்.

பிரவின்


கிள்ளான்
24 ஆகஸ்ட் 2025

பிரவினுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

மலரைக் கேட்டேன். "ஆமாம்பா" என்றாள். என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் அலமாரியிலிருந்து அந்த ஃபைலை எடுத்து வந்து என் முன்னால் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். படித்து முடித்து, "எழுதும்போது சிரிச்சீங்களா?" என்று கேட்டாள். சிரித்தேன் என்றேன். "இதுக்காகத்தான்பா சொல்லல" என்று எழுந்து போனாள். அதிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

போன செவ்வாய் கொமுட்டர் ரயில் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். பாலசுந்தரம் ஐயா வாசல் வரை வந்து கூட்டிப் போனார். எல்லாவற்றையும் சொன்னேன். அவனால் முடியாது என்று எழுதினால் அவன் செய்வான் என்று தெரிந்தே எழுதினேன். வேண்டுமென்றே மெஷினை அனுப்பினேன். பையன்மேல் குற்றமில்லை, என் மகளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவன் அவன் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். எழுந்து போய், அன்று எடுத்து வைத்திருந்த நகல்களைக் கொண்டு வந்தார். என் வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இஞ்சை 'வேண்டாம்' எண்டு எழுதியிருக்கிறியள். இஞ்சையும் 'வேண்டாம்'. இதிலை, 'பயன்படுத்தாதே.' இதிலை, 'உண்மையைச் சொல்லிவிடு.' ஒரு சொல்லாவது பொய்யோ, மிஸ்டர் தம்புசாமி?"

"சொல்லு பொய் இல்லீங்க ஐயா. எழுதுன மனசு பொய்" என்றேன்.

சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெடியனைக் காப்பாத்த உங்கடை தலையிலை பழியைப் போடுறியள். பெத்த மகளையும் இழுத்துச் சொல்லுறியள். எவ்வளவு பெரிய மனசு. அவனுக்குத்தான் அந்த அருமை தெரியேல்லை" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது, நேசம்மா அம்மாவைக் கூப்பிட்டு, "வந்து கேளும்" என்றார்.

கிளம்பும்போது ஒரு காகிதத்தை என் சட்டைப் பையில் வைத்தார். சிந்துஜாவின் ஜாதகம். "உங்களைப் போலை ஆள் சொல்லுற இடமெண்டால் நான் விசாரிக்கவே மாட்டன். நல்ல பெடியனாப் பாருங்கோ" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன். "அதை விடுங்கோ" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

தம்புசாமி